செக்கில் போட்டால் வருவது புரதமா?

கேள்வி: வயது 42, எடை 70 கிலோ. "உங்களுக்குப் புரதம் போதாது" என்று கூட நடக்கும் நண்பர் சொன்னார். இரண்டு மாதமாகக் காலையில் 100 கிராம் வறுத்த வேர்க்கடலை, மாலையில் 100 கிராம் பனீர், ராத்திரி அரை லிட்டர் ஆரஞ்சு பாக்கெட் பால். வழக்கமான சாப்பாட்டில் கை வைக்கவில்லை. எடை 4 கிலோ ஏறிவிட்டது. புரதம் சாப்பிட்டால் உடம்பு போடுமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ஈரோட்டுக்காரருக்கு நான் செக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறதே! வேர்க்கடலையைச் செக்கில் போட்டால் என்ன வருகிறது? நூறு கிராம் கடலையில் புரதம் 25 கிராம். கொழுப்பு ஏறக்குறைய 45 கிராம். எண்ணெய் போக மிஞ்சும் புண்ணாக்கில்தான் புரதம் அடர்த்தியாக இருக்கிறது. அதை மாட்டுக்குக் கொடுத்துவிடுகிறோம். மாடு புத்திசாலி.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். கடலையில் 45, பனீரில் ஏறக்குறைய 20, ஆறு சதவீதக் கொழுப்புள்ள பால் அரை லிட்டரில் 30. ஆக 95 கிராம் கொழுப்பு. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி; புரதத்துக்கு 4தான். கொழுப்பிலிருந்து மட்டும் தினமும் 850 கலோரி கூடுதலாக உள்ளே போயிருக்கிறது. எடை ஏறாமல் என்ன செய்யும்? பழியை மட்டும் புரதத்தின் மேல் போடுகிறீர்கள்.

உங்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான புரதம் எவ்வளவு? கிலோவுக்கு 0.83 கிராம் என்கிறது ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். எழுபது கிலோவுக்கு 58 கிராம். நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கலாம். நம் வீட்டுச் சாம்பாரில் பருப்பைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. நாலு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு என்றால் தலைக்கு ஐந்தரை கிராம் புரதம், அதுவும் அடியில் கரண்டி போட்டு எடுத்தவருக்கு. அந்தப் பருப்பை இரட்டிப்பாக்கினால் கூடவே வரும் கொழுப்பு அரை கிராம்கூட இல்லை. உங்கள் ஊர் அரிசிம்பருப்பு சாதம் இருக்கும்போது பனீருக்கு ஏன் அலைய வேண்டும்? அரிசிப் புரதத்தில் லைசின் (உடம்பு தானே செய்துகொள்ள முடியாத ஒரு புரதக் கூறு) குறைவு, பருப்பு அதை ஈடுகட்டிவிடும். மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10 கிராம் புரதம், கொழுப்பு 3 கிராம்தான். முட்டை சாப்பிடுபவரென்றால் ஒன்றில் 6 கிராம் புரதம், 5 கிராம் கொழுப்பு.

இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து எண்ணெயே வேண்டாம் என்று கிளம்பிவிடாதீர்கள். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். கீரைக்குத் தாளிப்பது வாசனைக்கு மட்டுமல்ல. அளவுதான் விஷயம். அந்த நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலில், 2,000 கலோரி உணவுக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து நாளைக்கு 27 கிராம். தினமும் ஸ்பூன் வைத்து யாரும் அளக்கப்போவதில்லை. மாத மளிகைச் சீட்டைப் பாருங்கள்: நாலு பேர் வீட்டுக்கு மூன்றரை லிட்டர்தான் வரம்பு. உங்கள் சீட்டில் ஐந்து லிட்டர் இருந்தால், பனீரை நிறுத்தி மட்டும் பயனில்லை.

கடலையை விட வேண்டாம், ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். ராத்திரிப் பால் நீல பாக்கெட்டுக்கு மாறட்டும். புரதம் ஏறக்குறைய அதேதான், கொழுப்பு பாதி. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள். அப்புறம், காலைக் காபிக்கு ஆரஞ்சு பாக்கெட்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அதில் நான் தலையிட மாட்டேன். நானும் அந்தக் கட்சிதான்.