கை ஊசியில், கண் கூட்டில் – வாசகர் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் எழுத்தை மூன்று வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு 66 வயது. சொந்த ஊர் பாளையங்கோட்டை. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். வீட்டுக்காரர் தவறிய பிறகு மகனோடு நியூ ஜெர்சிக்கு வந்துவிட்டேன்.

இங்கே நூலகத்தில் வாரம் ஒருநாள் க்வில்ட், அதாவது துண்டுத்துணிகளை ஒட்டிப் போர்வை தைக்கிற பெண்கள் கூடுவார்கள். மருமகள் கொண்டுபோய் விட்டாள், எனக்குப் பிடித்துக்கொண்டது. ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய சுங்குடிப் புடவைகளை வெட்டித்தான் முதல் போர்வையைத் தைத்தேன். அந்தப் பெண்களில் ஒருவர்தான் பறவைக் கூடுகளில் கேமரா வைத்து இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறார்கள் என்று சொல்லிக்கொடுத்தார். இப்போது டேப்லெட்டை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு தைப்பதுதான் என் பகல் பொழுது. கார்னெல் பல்கலைக்கழகத்துப் பருந்து, கலிபோர்னியாக் கழுகு, நியூசிலாந்தின் ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை மூன்றையும் விடாமல் பார்க்கிறேன்.

மகன் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் ஒருநாள் கேட்டான்: "நல்ல துணியை வெட்டி மறுபடி ஒட்டுறீங்க. ஜன்னலுக்கு வெளியே குருவி இருக்கு, அதை விட்டுட்டு ஸ்க்ரீன்ல பாக்குறீங்க. இதுல என்னம்மா இருக்கு?" பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. 2024-ல் அந்தக் கலிபோர்னியாக் கழுகு ஜாக்கி பனியில் பாதி புதைந்தபடி மூன்று முட்டைகளை அடைகாத்தாள். ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. அதன்பிறகும் உட்கார்ந்திருந்தாள். அழுதுவிட்டேன். இத்தனை பேர் பார்க்கிறோமே, யாராவது போய் உதவக் கூடாதா?

கடைசியாக ஒன்று. அவருடைய சட்டைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அதை வெட்டிப் போர்வை தைக்க ஆசை. தவறியவர் துணியை வீட்டில் வைக்கக் கூடாது என்கிறார் நாத்தனார். கத்தரியை எடுத்தால் கை ஓடவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்)

அன்புள்ள அக்கா,

உங்கள் மகன் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். வெளியே பறவை இருக்க ஸ்க்ரீனில் எதற்கு என்ற கேள்வியை நானும் ஒருகாலத்தில் கேட்டவன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு தையல்சிட்டு.

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஓர் அத்திக்கன்று நின்றது. ஆள் உயரம்கூட இல்லை. ஒரு கோடையில் அதன் இரண்டு இலைகளைச் சேர்த்துப் பெட்டை கூடு தைத்தது. தைப்பது பெட்டைதான். நான் தினமும் இரண்டு வேளை போய் இலையை விரலால் விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தேன். மூன்று முட்டை இருந்தன. செல்போனை உள்ளே நீட்டிப் படமும் எடுத்தேன். நான்காம் நாள் பறவை வரவில்லை. ஐந்தாம் நாள் முட்டையில் எறும்பு ஏறியிருந்தது. அம்மா என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்: "பிரசவம் நடக்கிற ரூமுக்குள்ள இப்படித்தான் தலையை நீட்டுவியாடா?"

ஒரு வாரம் கழித்து அந்தக் கூட்டை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் தைப்பவர் என்பதால் இதைச் சொல்கிறேன். நம்மைப்போல ஒரே நூலை ஓட்டிக்கொண்டே போன தையல் இல்லை அது. ஒவ்வொரு துளைக்கும் தனித்தனி நார். இலையின் ஓரத்தில் அலகால் குத்திய துளை குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். அதில் நுழைத்த பஞ்சு வெளிப்பக்கம் பிரிந்து புடைத்து, திரும்ப உள்ளே வழுக்காமல் நின்றது. முடிச்சே கிடையாது. துளை அவ்வளவு சிறியதாக இருப்பதால் இலையும் பழுக்கவில்லை, பச்சையாகவே இருந்தது. உள்ளே விரித்திருந்த மெத்தை, மாடியில் காயப்போட்ட எங்கள் வீட்டுத் தலையணையிலிருந்து பிய்த்துக்கொண்டுபோன இலவம்பஞ்சு. எங்களிடம் வந்து பஞ்சு எடுத்துப்போன பறவையை நான் விரட்டியிருக்கிறேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் சொல்கிறேன். வானத்தில் பறப்பதையும் கிளையில் உட்கார்வதையும் வெளியே போய்ப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் கூட்டின் உட்புறத்தைப் பார்ப்பதற்குப் பறவை வருவதற்கு முன்பே பொருத்திவைத்த கேமராவைத் தவிர மரியாதையான வழி எனக்குத் தெரிந்து வேறில்லை. நீங்கள் பார்க்கும் கார்னெல் பருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இதாகா நகரத்தில், விளையாட்டு மைதானத்தின் 80 அடி உயர விளக்குக் கம்பத்தில் அதன் கூடு. அங்கே 2012-லிருந்து கேமரா ஓடுகிறது. பெட்டைக்கு பிக் ரெட் என்று பெயர், 2003-ல் காலில் வளையம் போடப்பட்ட பறவை. எஸ்ரா என்ற ஆண் 2017-ல் இறந்தது, அப்புறம் ஆர்தர் வந்து சேர்ந்தது. ஒரு காட்டுப்பறவையின் குடும்பக்கதை ஊர்ப்பேச்சு மாதிரி இத்தனை பேருக்கு மனப்பாடமாக இருப்பது அந்தக் கேமராவால்தான்.

அதில் ஒரு காட்சியை நீங்கள் கண்டிப்பாகக் கவனித்திருப்பீர்கள். முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டுக்குள் நடக்கும்போது பருந்து தன் கால்விரல்களை உள்பக்கம் மடக்கிக்கொண்டு, முஷ்டியை ஊன்றி நடப்பதுபோலத் தத்தித் தத்தி வரும். அணிலை ஒரே பிடியில் கொல்கிற நகங்கள் அவை. குஞ்சின் மேல் பட்டுவிடக் கூடாதே என்று அப்படி ஒரு நடை. பிறகு இறகு உதிர்ந்த வயிற்றுத்தோல் முட்டையில் படும்படி இப்படியும் அப்படியும் அசைந்து அமரும். அந்த நடையைக் காண்பதற்கு எத்தனை மணி நேரம் எதுவுமே நடக்காத கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்! முட்டை பொரிக்க ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். அந்த ஐந்து வாரமும் காற்றடிக்கும், இறகு கலையும், முட்டையைப் புரட்டிப் போடும், மறுபடி உட்காரும். கை சும்மா இருக்கிறவர் பத்து நிமிடத்தில் வேறு வீடியோவுக்குத் தாவிவிடுவார். உங்கள் கை ஊசியில் இருக்கிறது, அதனால் கண் காத்திருக்கிறது. தைப்பதும் கூடு பார்ப்பதும் இரண்டு பொழுதுபோக்கு என்று உங்கள் மகனுக்குத் தோன்றலாம். எனக்கு அவை ஒன்றாகத்தான் தெரிகின்றன. தைக்காத ஒருத்தி இவ்வளவு நன்றாகக் கூடு பார்க்க முடியாது. மகனுக்கு விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். குஞ்சு பொரித்த வாரத்தில் அந்த முஷ்டி நடையை ஒருதடவை கூப்பிட்டுக் காட்டுங்கள்.

சரி, ஜாக்கி விஷயம்.

அந்த அழுகை எனக்குப் புரிகிறது. 2024 ஜனவரி கடைசியில் இட்ட முட்டைகள் அவை. வெண்தலைக் கழுகு அடைகாக்கும் நாள் கணக்கெல்லாம் தாண்டி அவளும் அவள் ஜோடி ஷேடோவும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். பிக் பேர் ஏரிக்கரை மலையில், உயரமான பைன் மரத்தின் உச்சியில் இருக்கிறது அந்தக் கூடு. யாராவது ஏறினால் கழுகு எழுந்து பறக்கும். அந்தக் குளிரில் மூடாத முட்டைக்குச் சில நிமிடங்களே ஆபத்துதான். குஞ்சு இருக்கும் காலமென்றால் பயந்துபோய் இறகு முற்றாமலே கீழே குதித்துவிடும். கழுகைத் தொந்தரவு செய்வதை 1940-ல் வந்த சட்டமும் தடுக்கிறது. அதெல்லாம் போக, இந்த இனம் விழுந்தும் எழுந்து நின்றது. டிடிடி பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து உடைந்துபோன காலம் ஒன்று இருந்தது. 1972-ல் அந்த மருந்தைத் தடைசெய்தார்கள். 2007-ல் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்தே இந்தக் கழுகை எடுத்துவிட்டார்கள். மனிதன் செய்த உதவிகளில் பெரியது மருந்தை நிறுத்தியதுதான். அதே ஜாக்கி 2025-ல் மூன்று குஞ்சு பொரித்தாள். மார்ச் மாதப் பனிப்புயலில் ஒன்று போய்விட்டது. சன்னி, கிஸ்மோ என்ற மற்ற இரண்டும் ஜூனில் பறந்துபோயின.

ஆனால் உதவவே கூடாது என்றும் இல்லை. நீங்கள் பார்க்கிற மூன்றாவது கூட்டில் எல்லாமே தலைகீழ். நியூசிலாந்தின் டூனிடின் பக்கம் டயரோவா முனை என்றொரு நிலநுனி. 1920-ஐ ஒட்டி ராயல் ஆல்பட்ராஸ்கள் அங்கே முட்டையிட வந்தன. முட்டை எடுக்கிற மனிதர்கள், நாய்கள், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட கீரிபோன்ற பிராணிகள் என்று ஒரு குஞ்சும் தேறவில்லை. லான்ஸ் ரிச்டேல் என்று ஒருவர் இருந்தார். உங்களைப்போல ஆசிரியர், பள்ளி பள்ளியாகப் போய் விவசாயம் சொல்லிக்கொடுத்தவர். அவர் கூட்டுப் பக்கத்திலேயே கூடாரம் போட்டுக் காவல் இருந்து, 1938-ல் முதல் குஞ்சு கடலுக்குப் பறந்தது. ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்ததால் வந்த குடியிருப்பு அது. கூடு பார்ப்பது வீண்வேலை என்று யாராவது சொன்னால் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருவார்.

இன்றைக்கும் அங்கே வனக்காவலர்கள் முட்டையை எடுத்து இன்குபேட்டரில் வைத்துவிட்டு, தாயின் வயிற்றுக்கடியில் பொய் முட்டை வைக்கிறார்கள். பொரிக்கிற நேரத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. பொரித்த குஞ்சைத் திரும்பக் கொண்டுவந்து தாயிடம் சேர்க்கிறார்கள். எடை பார்க்கிறார்கள், குறைந்தால் ஊட்டுகிறார்கள், வெயில் கடுமையானால் தண்ணீர் தெளிக்கிறார்கள். ஏறத்தாழ அரைக்கிலோ எடையுள்ள ஒற்றை முட்டை, பதினோரு வாரம் அடை, குஞ்சு பறக்க மேலும் எட்டு மாதம். அதனால்தான் அந்த ஜோடி அடுத்த வருடம் முட்டையே இடுவதில்லை. இருப்பதோ சின்னக் கூட்டம். ஒரு குஞ்சு போனாலும் பெரிய இழப்பு. அந்தப் பறவைகளுக்கு எமனாக வந்த விலங்குகளைக் கொண்டுவந்து விட்டதும் மனிதர்கள்தான், ஆகவே அங்கே கைகொடுப்பது கடமை.

இது உங்களுக்குப் புதிதும் அல்ல. உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரத்திலேயே மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டும். மேலே ஏறி யாரும் தொடுவதில்லை. கீழே விழுந்த குஞ்சை எடுத்து மீன் போட்டு வளர்த்து விடுகிறார்கள். கூட்டில் இருக்கும்வரை அது தாயின் பொறுப்பு, தரைக்கு வந்துவிட்டால் ஊரின் பொறுப்பு. ஒவ்வொரு கூட்டுக்கும் இதைத் தனித்தனியாக யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

இனி சட்டைகள்.

வெட்டுங்கள் அக்கா. தயங்காமல் வெட்டுங்கள். அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்று ஆற்று வளைவில் ஓர் ஊர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். வேலைக்குப் போட்டுக் கிழிந்த துணிகளைக் குளிருக்காக அந்தப் பெண்கள் ஒட்டுப்போட்டுத் தைத்தார்கள். 2002-ல் அவை ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப்போல சுவரில் தொங்கின. 2006-ல் தபால்தலையிலும் வந்தன. அங்கே மிசூரி பெட்வே என்ற பெண் 1942-ல் கணவர் இறந்ததும் அவருடைய வேலைத்துணிகளையெல்லாம் எடுத்து ஒரு போர்வை தைத்தார், அவரை நினைத்துக்கொண்டு போர்த்திக்கொள்வதற்காக. துணி தேய்ந்து வெளுத்த இடங்கள் அந்தப் போர்வையில் அப்படியே தெரியும்.

உங்கள் நாத்தனார் சொல்வதையும் தள்ள வேண்டியதில்லை. தவறியவரின் துணியைத் துணியாக மடித்துப் பெட்டிக்குள் பூட்டி வைக்காதே என்கிறார். நீங்கள் பூட்டி வைக்கப் போவதில்லையே.

அம்மா பழைய நூல் புடவைகளை நாலாக மடித்து ஓட்டுத் தையல் போட்டு வீட்டில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் விரிப்பு தைத்தாள். ஆச்சியின் புடவையில் படுத்துத்தான் நான் வளர்ந்தேன். ஆச்சியை நான் பார்த்ததில்லை. அந்தக் காவிக் கரையை மட்டும் இப்போதும் கண்ணை மூடினால் சொல்லிவிடுவேன்.

அம்மாவிடமிருந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். காட்டன் சட்டையையும் டெரிகாட்டன் சட்டையையும் முதலில் பிரித்துவிடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி சுருங்காது, ஒரே சூட்டில் இஸ்திரியும் தாங்காது. பெரிய துண்டு முதுகுப் பக்கத்தில் கிடைக்கும். அங்கிருந்து தொடங்கினால் கையும் அவ்வளவு தயங்காது. வெட்டிய சுங்குடி மிச்சம் இருந்தால் சேருங்கள். ஆனால் உப்புத்தண்ணீரில் ஊறவைத்து, சாயம் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு. கட்டம் எதைத் தைப்பது என்று கேட்டால், உங்கள் நூலகத்துப் பெண்களுக்குத் தெரிந்த 'பறக்கும் வாத்து' கட்டத்தைச் சொல்வேன். ஒரு பெரிய முக்கோணம், இரண்டு தோளிலும் ஒவ்வொரு சின்ன முக்கோணம். தையலுக்கு விடுகிற கால் அங்குலம் கொஞ்சம் கூடிவிட்டாலும் வாத்தின் மூக்கு மழுங்கிப்போகும். கணக்கு டீச்சருக்கு அது சிரமமாக இருக்காது.

ஒரு சட்டையின் மார்புப் பையை மட்டும் பிரிக்காதீர்கள். சுற்றிலும் துணி விட்டு வெட்டி, பையோடு அப்படியே ஒரு கட்டமாக வைத்துத் தையுங்கள். போர்த்திக்கொண்டு கூடு பார்க்கும்போது கண்ணாடியும் நூல்கண்டும் போட்டுவைக்க இடம் வேண்டுமே.

அன்புடன்,
தம்பி