ஏற்றுமதிப் பயிருக்கு மாறும் முன் கிணற்றை அளந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் பகுதியில் ஏற்றுமதிக்கான அவகாடோ சாகுபடி வேகமாகப் பரவுகிறது. ஒரு நிறுவனம் என் ஐந்து ஏக்கரையும் ஒப்பந்தத்துக்குக் கேட்கிறது. மாறினால் நிலத்துக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் என்ன பாதிப்பு வரும்?

பதில்: விலையைப் பற்றி நிறுவனத்தாரே விரிவாகச் சொல்லியிருப்பார்கள், தண்ணீர்க் கணக்கை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஆண்டுப் பயிர் செய்பவர், மழை பொய்த்த வருடத்தில் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கலாம். காய்ப்புக்கு வரவே சில ஆண்டுகள் பிடிக்கும் மரத்தை அப்படிக் காயவிட மனம் வராது என்பதால், வறட்சியில் ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழமாக்குவார்கள். அப்போது முதலில் வற்றுவது ஆழம் குறைந்த பக்கத்துக் கிணறுகள்தான்.

சிலி நாட்டின் பெட்டோர்காவில் நடந்தது இதுவே. அந்நாட்டின் 1981-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், நீருரிமையை நிலத்திலிருந்து பிரித்து, வாங்கி விற்கும் சொத்தாக்கியது. மலைச்சரிவில் அவகாடோ தோப்புகள் பச்சையாக நிற்க, கீழே இருந்த கிராமத்தார் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். குடிநீருக்கு முன்னுரிமை தரும் சட்டத்திருத்தம் 2022-இல்தான் வந்தது. பெருவின் இக்கா பாலைவனப் பள்ளத்தாக்கிலும் ஏற்றுமதிக்கான அஸ்பாரகஸ் என்ற காய்கறிச் சாகுபடியால் நிலத்தடி நீர் வெகுவாக இறங்கியிருக்கிறது.

சொட்டுநீர் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். செடிக்குச் செடி நீர் மிச்சமாவது உண்மை. ஆனால் மிச்சமான நீரில் இன்னும் இரண்டு ஏக்கர் நட்டுவிட்டால், நிலத்தடியிலிருந்து எடுக்கும் மொத்த அளவு குறைவதில்லை. நான் அதிகம் கண்ட தவறு இது.

ஆகவே கடுங்கோடையில், மோட்டார் போடுவதற்கு முன் விடியற்காலையில், கல் கட்டிய கயிற்றைக் கிணற்றில் இறக்கி, ஈரம் பட்ட இடத்தில் முடிச்சுப் போடுங்கள். மாலையில் மோட்டாரை நிறுத்தியதும் மீண்டும் அளந்து, மறுநாள் காலைக்குள் நீர்மட்டம் பழைய முடிச்சுக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் அளந்தும் திரும்பவில்லையென்றால், ஐந்து ஏக்கர் தோப்பை அந்தக் கிணறு தாங்காது.

உங்கள் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர் இருந்தால், கையெழுத்துக்கு முன்பே அவரிடம் பேசிவிடுங்கள்; தோப்பானதும் முதலில் வெளியேறுபவர் அவராகத்தான் இருப்பார்.

ஒப்பந்தத்தில், திருப்பி அனுப்பப்படும் சரக்கின் நஷ்டம் யாருடையது என்ற வரியைத் தேடுங்கள். தனி வரம்பு குறிக்கப்படாத பூச்சிமருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் எச்சம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் மட்டுமே. பக்கத்து வயலில் அடித்த மருந்து காற்றில் வந்து படிந்தாலும் சரக்கு நிராகரிக்கப்படலாம். அந்த நஷ்டம் முழுவதும் உங்கள் தலையில் என்று எழுதியிருந்தால், திருத்தித் தரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். கிணறு தாங்கினாலும், முதலில் ஒன்றரை ஏக்கருக்கு மேல் கொடுக்க வேண்டாம்.