ககோஷிமாவின் சாம்பல் – கடிதம்

வணக்கம் ஐயா,

மகன் ஃபுகுவோகாவில் வேலை பார்க்கிறான். டிசம்பரில் அவனிடம் போகும்போது ககோஷிமாவுக்கும் கூட்டிப்போவதாகச் சொல்கிறான். படங்களில் பார்த்தால் ஊருக்கு நேர் எதிரே கடலுக்குள் எரிமலை புகைந்துகொண்டு நிற்கிறது. ஆறு லட்சம் பேர் அங்கே எப்படித் தூங்குகிறார்கள்? ஜப்பானியர்கள் எல்லாவற்றையும் விதி என்று ஏற்றுக்கொள்பவர்கள், அந்தப் பக்குவம் நமக்கு வராது என்கிறார் ஒரு நண்பர். அது சரியா?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

உங்கள் நண்பர் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ககோஷிமாவில் இருப்பது விதியை ஏற்றுக்கொள்ளும் மனம் இல்லை, கிட்டத்தட்ட அதற்கு நேர் எதிரானது.

1914 ஜனவரியில் நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் படத்தில் பார்த்த எரிமலைதான் சகுராஜிமா. அது அப்போது நிஜமாகவே தீவு. இரண்டு நாட்களாக நிலம் விடாமல் நடுங்கியது, கிணற்றுத் தண்ணீர் மாறியது. 1779இல் மலை வெடித்ததைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவைத்திருந்த கதைகள் ஊரில் இருந்ததால் நிறையப் பேர் யார் உத்தரவுக்கும் காத்திராமல் படகேறிவிட்டார்கள். கிராமத் தலைவர் ககோஷிமா நகரில் இருந்த வானிலை நிலையத்தைக் கேட்டார். சகுராஜிமா வெடிக்காது என்று பதில் வந்தது. அதை நம்பித் தங்கியவர்கள் 12ஆம் தேதி காலையில் மலை வெடித்தபோது படகு கிடைக்காமல் குளிர்காலக் கடலில் குதித்து நீந்த வேண்டியிருந்தது, சிலர் கரை சேரவில்லை. அன்று மாலையே பெரிய நிலநடுக்கமும் வந்தது. எரிமலைக் குழம்பு பல நாட்கள் ஓடி, தீவுக்கும் ஓசுமி தீபகற்பத்துக்கும் இடையில் சுமார் 400 மீட்டர் அகலம் இருந்த கடலை அடைத்துவிட்டது.

பத்து வருடம் கழித்து, 1924இல், கிழக்கு சகுராஜிமா கிராமத்தார் ஒரு கல் நாட்டினார்கள். கோட்பாட்டை நம்பி இருக்காதீர்கள், வித்தியாசமாக ஏதாவது தெரிந்தால் முன்கூட்டியே கிளம்பத் தயாராகுங்கள் என்று அதில் வெட்டியிருக்கிறது. அந்தக் கல்லைத் தொடக்கப்பள்ளி வளாகத்தில்தான் வைத்தார்கள், பிள்ளைகள் கடந்துபோகும் இடத்தில். அறிவியல்மேல் கோபத்தில் எழுதியது என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்றைக்கு கியோத்தோ பல்கலைக்கழகம் அங்கே ஆய்வு மையம் வைத்து, சுரங்கம் குடைந்து, மலை எவ்வளவு வீங்குகிறது, சாய்கிறது என்று கருவிகளால் அளந்துகொண்டே இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதையும் கேட்கிறார்கள், வருடாவருடம் வெளியேறும் பயிற்சியும் செய்கிறார்கள். 1914இல் வெளிவந்த எரிமலைக் குழம்பில் பெரும்பகுதி அடியில் மறுபடியும் சேர்ந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் அன்றாடச் சாம்பல். 1955இலிருந்து மலை ஓயவே இல்லை. அதனால் வானிலை அறிக்கையில் மழையோடு சேர்த்து சகுராஜிமாவுக்கு மேலே காற்று எந்தப் பக்கம் வீசும் என்றும் சொல்கிறார்கள், அதைக் கேட்டுத்தான் துணி காயப்போடுவதா வேண்டாமா என்று முடிவு. கூட்டிய சாம்பலை அள்ள நகராட்சி மஞ்சள் பைகள் தருகிறது, கொண்டுபோய் வைக்கத் தெருவுக்குத் தெரு இடம் ஒதுக்கியிருக்கிறது. மலைப்பக்கத்துப் பிள்ளைகள் ஹெல்மெட் போட்டுப் பள்ளிக்குப் போகிறார்கள். கல்லறைகளுக்குக்கூடக் கூரை போட்டிருக்கிறார்கள். செத்தவர்மேல் சாம்பல் படியக்கூடாது என்று கூரை வேய்கிறவர்களை விதியை ஏற்றவர்கள் என்று எப்படிச் சொல்வது?

பிறர் சொல்லைக் கேட்டுச் சும்மா இருக்காத இந்தக் குணம் மலையிலிருந்து மட்டும் வந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வரலாற்றிலும் அது தெரிகிறது. 1549இல் பிரான்சிஸ் சேவியரை ஜப்பானுக்குக் கூட்டிவந்த அஞ்சிரோ இந்த ஊர்க்காரர், கொலை செய்துவிட்டு ஓடிப்போய் மலாக்காவில் அவரைச் சந்தித்தவர். (நம் முத்துக்குளித்துறைக் கரையில் ஊர் ஊராக ஞானஸ்நானம் கொடுத்த அதே சேவியர்தான்.) 1863இல் ஆங்கிலேயக் கப்பல்கள் ஊரைக் குண்டுபோட்டு எரித்தன. இரண்டே வருடத்தில், ககோஷிமாவிலிருந்து இந்தப் பகுதியை ஆண்ட சத்சுமா ஆட்சியாளர்கள் 19 பேரை ரகசியமாக அதே இங்கிலாந்துக்கு அனுப்பிப் படித்துவரச் செய்தார்கள், வெளிநாடு போவதற்கே தடை இருந்த காலத்தில். சத்சுமாவின் சாமுராய்களான சைகோ தகாமோரி, ஓகுபோ தொஷிமிச்சி இருவரும் கஜியா என்ற ஒரே சிறு பேட்டையில் வளர்ந்தவர்கள். சேர்ந்து, ஜப்பானை ஆண்ட ஷோகன் என்ற படைத்தலைவர்களின் பழைய ஆட்சியைக் கவிழ்த்தார்கள், பிறகு எதிரெதிராக நின்றார்கள். சைகோ 1877இல் ஊருக்குள்ளேயே இருக்கும் ஷிரோயாமா குன்றில் மடிந்தார், மறுவருடம் ஓகுபோ தோக்கியோவில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

பெருமையை மட்டும் சொன்னால் நியாயமாகாது. சத்சுமா 1609இல் ரியூக்யூ அரசை (இன்றைய ஒகினாவா) படையெடுத்து அடக்கியது, அமாமி தீவு விவசாயிகளைக் கரும்பு போடவைத்துச் சர்க்கரையைப் பறித்தது. அவர்களைக் கசக்கிய காசும் சேர்ந்துதான் பின்னால் இரும்பு உருக்கும் உலைகளாகவும் பீரங்கிகளாகவும் ஆனது. அருங்காட்சியகங்களில் உலைகளைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

பயணத்துக்கு டிசம்பர் நல்ல மாதம். கோடையில்தான் காற்று சாம்பலை ஊர்ப்பக்கம் தள்ளும், குளிர்காலத்தில் பெரும்பாலும் ஓசுமி பக்கம் போய்விடும். துறைமுகத்திலிருந்து சகுராஜிமாவுக்கு ஃபெரியில் கால் மணி நேரம்தான். சகுராஜிமாவின் கிழக்குப் பக்கம் குரோகாமியில் சாம்பலில் புதைந்து தலை மட்டும் தெரியும் கோயில் வாசல் தூண்களை எல்லாரும் காட்டுவார்கள், அந்தப் பள்ளிக்கூடத்துக் கல்லை நீங்களாகக் கேட்டுத்தான் போகவேண்டும். அந்த மாதத்தில் எலுமிச்சை அளவே இருக்கும் குட்டி ஆரஞ்சு விற்பார்கள், எரிமலை மண்ணில் விளைவது, ஒரு பை வாங்கிக்கொள்ளுங்கள்.