நாடாளுமன்றம் இல்லாத சட்டம்

கேள்வி: உலகத்துக்கென்று ஒரு நாடாளுமன்றம் கிடையாது. அப்படியிருக்க, சர்வதேசச் சட்டம் எங்கிருந்து பிறக்கிறது? அதை நம் ஊர் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லி வாதாட முடியுமா?
(சட்டக் கல்லூரி மாணவி, திருவல்லிக்கேணி, சென்னை)

பதில்: ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றச் சாசனத்தின் 38-ஆம் பிரிவு, உடன்படிக்கைகள், நாடுகளின் வழக்காறு, 'நாகரிக நாடுகள்' ஏற்ற பொதுக் கோட்பாடுகள் ஆகியவற்றை மூலங்களாகவும், தீர்ப்புகளையும் அறிஞர் நூல்களையும் துணையாகவும் சொல்கிறது. ('நாகரிக' என்ற அந்த அடைமொழியில் காலனிக் காலத்து வாடை இன்னும் போகவில்லை.) உடன்படிக்கையில் குழப்பம் இல்லை, அதை ஏற்ற நாடு சொன்ன சொல்லைக் காக்க வேண்டும்.

மாணவர்கள் தடுமாறுவது வழக்காற்றில்தான். நாடுகள் ஒன்றைத் தொடர்ந்து செய்துவந்தால் மட்டும் போதாது. அப்படிச் செய்யச் சட்டப்படி கடமைப்பட்டிருக்கிறோம் என்று கருதியும் செய்திருக்க வேண்டும். காசிமேட்டு மீனவர்களுக்கு உடனே புரியக்கூடிய வழக்கு ஒன்று உண்டு. 1898-இல், ஸ்பெயினுடன் போர் மூண்ட செய்தியே தெரியாமல் மீன்பிடித்துவிட்டு, அன்று ஸ்பெயினின் கையிலிருந்த கியூபாவுக்குத் திரும்பிய 'பாக்கேட்டே ஹபானா', 'லோலா' என்ற இரு படகுகளை அமெரிக்கக் கடற்படை பிடித்து, பிடிபட்ட மீனோடு கொண்டுபோய், படகுகளை ஏலத்தில் விற்றுவிட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ, இங்கிலாந்து மன்னர் நான்காம் ஹென்றி 1403-இல் பிறப்பித்த ஆணை தொடங்கி நாடுகளின் நடைமுறையை வரிசையாக ஆராய்ந்து, கரையோர மீனவர் படகைப் போரிலும் பறிக்கக் கூடாது என்பது சட்டமாகவே முதிர்ந்துவிட்டது என்று 1900-இல் தீர்ப்பளித்து, விற்ற தொகையை இழப்பீட்டோடு கொடுக்கச் சொன்னது.

நம் ஊருக்கு வருவோம். உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்துவிட்டதாலேயே அது இங்கே சட்டமாகிவிடாது. குடிமக்களின் உரிமையைத் தொடுவதானால் நாடாளுமன்றம் அரசியலமைப்பின் 253-ஆம் பிரிவின்கீழ் சட்டம் இயற்ற வேண்டும். வழக்காறு அப்படியல்ல. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரால் பாலாறு கெட்டதைப் பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், உள்நாட்டுச் சட்டத்துக்கு முரண்படாத சர்வதேச வழக்காறு நம் சட்டத்தோடு சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் கூறியது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடு அவ்வாறுதான் இங்கே காலூன்றியது. மேற்கொண்டு கண்காணிக்கும் பொறுப்பும் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி அமர்வுக்கே வந்தது.

ஆகவே நீங்கள் தாராளமாக வாதாடலாம். ஆனால் வழக்காறு இருக்கிறது என்று மெய்ப்பிக்கும் சுமை உங்களுடையது; நாடாளுமன்றம் தெளிவாக வேறுவிதமாகச் சட்டம் இயற்றியிருந்தால், நீதிபதி அதைத்தான் பின்பற்றுவார்.