முட்டிவலிக்காரர் மலை ஏறலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 64. முட்டித் தேய்மானம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மாவோ வரும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறியே ஆக வேண்டும் என்கிறார். நடந்தால் இன்னும் தேயும் என்று நாங்கள் உட்கார வைத்திருக்கிறோம். சரிதானா?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: உட்கார வைக்காதீர்கள், அம்மா. முட்டி, வண்டி டயர் அல்ல, ஓட ஓடத் தேய்வதற்கு. குருத்தெலும்புக்குத் தனியாக இரத்தக் குழாய் கிடையாது. நடக்கும்போது அழுந்தி விரிவதால்தான் அதற்கு ஊட்டம் சேர்கிறது. உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை மெலியும். படி இறங்கும்போது உடம்பைத் தாங்கிப் பிடிப்பது அந்தத் தசைதான். அது மெலிந்தால் பாரம் மூட்டில் இறங்கும், வலி கூடும், வலிக்குப் பயந்து இன்னும் உட்காருவார்.

தொடங்க ஒரு நாற்காலி போதும். சுவரோடு ஒட்டிப் போடுங்கள். லேசான பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், நழுவும். முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை சாய்ந்து, கையூன்றாமல் எழட்டும். உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக. தொப்பென்று விழுந்தால் பாதிப் பயிற்சி வீண். படி இறங்கும் பலம் அந்த மெதுவில்தான் வளர்கிறது. 8 முறை, கொஞ்சம் ஓய்வு, இன்னும் 2 சுற்று. வாரம் 3 நாள். எழ முடியவில்லையா, தலையணை போட்டு உயர்த்துங்கள்.

நீங்கள் எதிரே நின்று முட்டிகளைக் கவனியுங்கள். உள்பக்கமாகச் சாய்ந்தால் பெரும்பாலும் இடுப்பின் பக்கத் தசை வலுவிழந்திருக்கும். ஒருக்களித்துப் படுத்து, மேல்காலை நீட்டியபடி 10 முறை தூக்கிப் பழகட்டும்.

10க்கு 3, 4 அளவு வலித்தால் பயமில்லை; மறுநாளுக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். முட்டி சூடாகி வீங்கினாலோ, மடங்காமல் பூட்டிக்கொண்டாலோ டாக்டரைப் பாருங்கள்.

ஒரு மாதம் கழித்துப் படிக்கட்டு. தண்ணீர்மலைக்கு 513 படி. அடுக்குமாடியில் ஒரு மாடிக்கு 17 படி என்று வைத்தால், சுமார் 30 மாடி! அதனால் ஐந்தாறு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். முதல் வாரம் இரண்டு மாடி, பிறகு வாரம் ஒன்றிரண்டு கூட்டலாம். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கும் கால் முதலில், கை கம்பியில். முட்டிக்குச் சிரமம் ஏறுவதைவிட இறங்குவதில்தான், ஆகவே பழகும்போது இறக்கத்தையும் சேர்த்துப் பழகட்டும்.

கேள்வி: கார் ஓட்டிப் பிழைக்கிறேன், வயது 38. மாலையானால் இடுப்பு கழன்றுவிடும் போல இருக்கிறது. பெல்ட் போடலாமா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: நாள் முழுக்கப் பெல்ட் வேண்டாம், தசை செய்ய வேண்டிய வேலையைப் பெல்ட் பார்க்கப் பழகிவிடும். பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை முதலில் எடுங்கள். அதன்மேல் உட்கார்ந்தால் இடுப்பு ஒருபக்கம் தூக்கிக்கொள்ளும். மணிக்கு ஒருமுறை பயணியை இறக்கியதும் நீங்களும் இறங்கி, கைகளை இடுப்பில் வைத்து 10 முறை பின்னால் வளைந்து, இரண்டு நிமிடம் நடங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேக நடை வேண்டும். தித்திவங்சா ஏரிக்கரை உங்களுக்குப் பக்கம்தானே, வாரம் 5 நாள் அரை மணி நேரம் போதும்.

வலியோடு தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் திடீரென்று சிக்கல் வந்தாலோ, பயிற்சி எதுவும் செய்து பார்க்காதீர்கள். அந்த நேரமே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.