கார்டுல பிபி 150/100, அதுக்கப்புறம் 24 நாள்

ரொம்ப நீளமா எழுதியிருக்கீங்க, ரெண்டு தடவ படிச்சேன். மத்தவங்களுக்காக சுருக்கிடறேன். மனைவிக்கு முதல் பிரசவம், தனியார் ஆஸ்பத்திரில மூணாவது மாசத்துலேருந்து செக்கப். 31வது வாரம் போனப்ப கார்டுல பிபி 150/100ன்னு எழுதிட்டு, மாத்திரை எதுவும் தராம ரெண்டு வாரம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. அந்த ரெண்டு வாரம் முடியறதுக்கு முந்தின நாள் ரிசப்ஷன்லேருந்து போன், டாக்டர் லீவு, திங்கட்கிழமை வாங்கன்னு. திங்கட்கிழமை உங்களுக்கு ஆபீஸ்ல லீவு கிடைக்கல, போகல. 24வது நாள் ராத்திரி தலைவலி, கண்ணு மங்கல், ஃபிட்ஸ். குழந்தை வயித்துக்குள்ளயே இறந்துடுச்சு, மனைவி ஐசியூல இருந்து பிழைச்சு வந்துட்டாங்க. 14 மாசம் ஆச்சு. கேஸ் போட்டா ஜெயிக்குமா, டாக்டரை உள்ள தள்ள முடியுமான்னு கேக்கறீங்க.

உங்க இழப்பைப் பத்தி நான் ஆறுதல் சொல்லி ஆகப்போறது ஒண்ணுமில்ல, அதனால நேரா விஷயத்துக்கு வரேன். இவ்ளோ எழுதினதுல கோர்ட்டுக்கு வேண்டியது ஒரே ஒரு இடம்தான். 31வது வாரத்துல பிபி கட்டத்துல 150/100, பக்கத்துல யூரின் ஆல்புமின், அதாவது யூரின்ல போற புரதம், அந்தக் கட்டம் காலி. 20 வாரத்துக்கு மேல 140/90 தாண்டினாலே யூரின்ல புரதம் போகுதான்னு பாக்கணும், ரத்தப் பரிசோதனை, குழந்தை வளர்ச்சிக்கு ஸ்கேன், தேவைப்பட்டா மாத்திரை இல்ல அட்மிஷன், இது எந்த மகப்பேறு டாக்டருக்கும் தெரிஞ்ச பாலபாடம். அன்னிக்கு என்ன செஞ்சாங்க, ஏன் செய்யல, செஞ்சிருந்தா குழந்தை பிழைச்சிருக்குமா. கேஸ் இந்த மூணு கேள்விதான்.

டாக்டர் மூணு நிமிஷம்தான் பாத்தாங்க, போனையே பாத்துட்டு இருந்தாங்க, ஜூனியர்தான் வயித்தை தொட்டுப் பாத்தாங்க, அவங்க கடையிலயே மாத்திரை வாங்க சொன்னாங்க, இதெல்லாம் விட்ருங்க. மனுல நாலு பக்கம் இதையே எழுதினா கன்ஸ்யூமர் கமிஷன்ல படிக்கிறவங்க அஞ்சாவது பக்கத்துல இருக்கற 150/100க்கு வந்து சேரவே மாட்டாங்க. உலக சுகாதார நிறுவனம் எட்டு தடவ பாக்க சொல்லுது, எங்களை அஞ்சு தடவதான் வர சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க. எட்டுங்கறது 2016ல அவங்க கொடுத்த பரிந்துரை, உண்மைதான். ஆனா எண்ணிக்கைல கேஸ் நிக்காது. பத்து தடவ போய் பத்து தடவையும் எடை பாத்து அனுப்பினா அதுக்கு என்ன மதிப்பு, அஞ்சு தடவ போயும் அஞ்சாவது தடவ ஒழுங்கா யூரின் பாத்திருந்தா நீங்க எனக்கு எழுதிட்டு இருக்க மாட்டீங்க.

டாக்டரை உள்ள தள்றது, அதையும் விட்ருங்க. ஜேக்கப் மேத்யூ வழக்குல 2005லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு, கிரிமினல் கேஸுக்கு சாதாரண கவனக்குறைவு போதாது, மிக மோசமான கவனக்குறைவா இருக்கணும், போலீஸும் வேற ஒரு டாக்டர்கிட்ட கருத்து வாங்காம மேல போகக்கூடாதுன்னு. உங்களுக்கு கன்ஸ்யூமர் கமிஷன்தான் இடம். காசு கொடுத்து பாத்த வைத்தியம் நுகர்வோர் சட்டத்துல வரும்னு உச்ச நீதிமன்றம் 1995ல சாந்தா வழக்குல சொல்லிடுச்சு, அதுக்கு அப்புறம் அதுல சந்தேகமே இல்ல.

இப்ப நான் பயப்படற இடத்துக்கு வரேன். அந்த 24 நாளை பிரிச்சுப் பாருங்க. முதல் 14 நாள் ஆஸ்பத்திரி கொடுத்த கெடு. அடுத்த 4 நாள் டாக்டர் லீவுல போனது. கடைசி 6 நாள் நீங்க போகாதது. அதாவது 18 அவங்க கணக்கு, 6 உங்க கணக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வரிலயே திங்கட்கிழமை டோக்கன் போட்டு வரலன்னு ரிஜிஸ்டரை காட்டுவாரு, அன்னிக்கு வந்திருந்தா அட்மிட் பண்ணியிருப்போம், குழந்தையை எடுத்திருப்போம்னு சொல்லுவாரு. அதுக்கு நம்ம பதில், 150/100 இருக்கற பொண்ணை ரெண்டு வாரம் கழிச்சு வர சொன்னதே தப்பு, தப்பு 31வது வாரத்துலயே முடிஞ்சு போச்சுங்கறது. நல்ல பதில்தான். ஆனா இழப்பீட்டுல ஒரு பங்கு கழியும், அதுக்கு தயாரா இருங்க.

எழுதினதுல நீங்க இந்த திங்கட்கிழமையை அரை வரில தாண்டிட்டீங்க, மனுல சொல்லணுமான்னு வேற கேட்டிருக்கீங்க. சொல்லணும், நீங்களே முதல்ல சொல்லணும். நீங்க மறைச்சு அவங்க வெளிய எடுத்தா அந்த 6 நாள் மட்டும் இல்ல, லீவுன்னு போன் வந்துச்சுன்னு நீங்க சொல்றதையும் யாரும் நம்ப மாட்டாங்க. போன் வந்ததை நிரூபிக்கலன்னா அந்த 4 நாளும் உங்க தலைல விழும், 6 வந்து 10 ஆயிடும்.

அந்த போனுக்கு என்ன ஆதாரம்னு நீங்க எழுதவே இல்ல. இன்கமிங் கால் விவரத்தை போன் கம்பெனிக்காரங்க காலத்துக்கும் வெச்சிருக்க மாட்டாங்க, கமிஷன் மூலமா கேக்கணும்னா சீக்கிரம் கேக்கணும். அதைவிட நல்லது, போன் வந்ததும் மனைவி உங்களுக்கு வாட்ஸ்அப்ல "டாக்டர் லீவாம், திங்கக்கிழமை வர சொல்றாங்க"ன்னு போட்டிருப்பாங்க இல்ல, அதைத் தேடுங்க. அதே சாட்ல கீழ "எனக்கு லீவு கிடைக்கல, அப்புறம் பாக்கலாம்"னு நீங்க போட்டதும் இருக்கும். அதை மட்டும் டெலீட் பண்ணிடலாம்னு தோணும். பண்ணாதீங்க. எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கு 2023ல வந்த புது சாட்சிய சட்டம் 63வது பிரிவுல சர்டிஃபிகேட் கொடுக்கணும், அதுல கையெழுத்து போடப்போறது நீங்க. அந்த போனை மாத்தாதீங்க, எக்சேஞ்ச்ல கொடுக்காதீங்க.

கார்டு விஷயம் இதைவிட பெருசு. டாக்டர்களுக்கான 2002 விதில அட்மிட் ஆன நோயாளி ரெக்கார்டைத்தான் மூணு வருஷம் வெச்சிருக்கணும்னு இருக்கு. செக்கப் வந்துட்டு போறது அதுல வராது. அதனால 31வது வாரத்துக்கு உங்க கைல இருக்கற அந்த மடிஞ்ச அட்டைதான் கிட்டத்தட்ட ஒரே ஆதாரம். ஐசியூ ஃபைலுக்கு எழுத்துல மனு கொடுங்க, 72 மணி நேரத்துல தரணும், ஆனா "ஒப்பிட்டுப் பாக்கணும், கார்டை கொடுங்க"ன்னு கேட்டா ஜெராக்ஸ் மட்டும் நீட்டுங்க. ஒரிஜினலை வாங்கிட்டு போய் "ஃபைல்ல வெச்சிருக்கோம்"னு சொல்லி திரும்ப வராத கார்டு நான் ரெண்டு பாத்துட்டேன்.

இன்னொண்ணு, அதுல ஒரு புள்ளி கூட வெக்காதீங்க. என்கிட்ட ஒரு கட்சிக்காரர் இருந்தாரு, கிட்டத்தட்ட இதே மாதிரி கேஸ். கார்டுல ஒரு விசிட்ல பிபி கட்டம் காலி. அன்னிக்கு நர்ஸ் வாயால 160ன்னு சொன்னது மனைவிக்கு ஞாபகம் இருந்துச்சு, உண்மையாவும் இருக்கலாம், இவரு பேனா எடுத்து எழுதிட்டாரு. மத்ததெல்லாம் கருப்பு இன்க், இது ஒண்ணு நீலம். நான் கேட்டேன், அவங்களே எழுதினதுன்னாரு, நானும் நம்பித் தொலைச்சேன். ஆஸ்பத்திரி இன்சூரன்ஸுக்கு அனுப்பின பேப்பரோட அதே கார்டோட ஜெராக்ஸ் இருந்துச்சு, அதுல அந்தக் கட்டம் காலி. அதோட முடிஞ்சது. மத்த தேதில டாக்டர் செஞ்ச தப்பு கறுப்பு வெள்ளையா அப்படியே இருந்தும் யாரும் திரும்பிப் பாக்கல.

காலக்கெடு ரெண்டு வருஷம், உங்களுக்கு மிச்சம் பத்து மாசம். "பேசிட்டு இருக்கோம், மேனேஜ்மென்ட்ல சொல்லியிருக்கோம்"னு அவங்க இழுக்கற ஒவ்வொரு மாசமும் உங்க கணக்குலதான் கழியுது, பேச்சுவார்த்தை நடந்தா கெடு நிக்காது. தாமதத்தை மன்னிக்க சொல்லி மனு போடலாம்தான், அதை நம்பி உக்காராதீங்க.

என் கருத்து கேட்டா, செட்டில் பண்ணுங்க. கேஸ் பலவீனம்னு சொல்லல. மூணாவது கேள்வி இருக்கே, செஞ்சிருந்தா பிழைச்சிருக்குமாங்கறது, அதுக்கு இன்னொரு மகப்பேறு டாக்டர் எழுத்துல கருத்து தரணும், தன் துறை ஆள் மேல எழுதித்தர ஆள் கிடைக்கறது கஷ்டம், கிடைச்சாலும் அவங்க ரெண்டு பேரை கொண்டுவருவாங்க, அப்புறம் அப்பீல், வருஷக்கணக்குல போகும். ஆனா செட்டில்மென்ட்டுக்கு போறதுக்கு முன்னாடி ஃபைல் கைல இருக்கணும், வக்கீல் நோட்டீஸ் போயிருக்கணும். ஆறு மாசத்துல முடியலன்னா புகாரை தாக்கல் பண்ணிட்டு பேச்சை தொடருங்க, முடிஞ்சதும் கமிஷன்லயே பதிவு பண்ணிக்கலாம்.

அவங்க எழுத்துல மன்னிப்பு கேக்கணும்னு நீங்க ஒரு கண்டிஷன் போட்டிருக்கீங்க. அது நடக்காது. பணம் பெரும்பாலும் இன்சூரன்ஸ்லேருந்து வரும், தப்பை ஒத்துக்கிட்டு எழுதித்தர அந்தக் கம்பெனி விடாது. அதுல பிடிவாதமா நின்னா ரெண்டும் போயிடும்.

உங்க மச்சான் சொன்ன ஐடியா, "பணம் தரலன்னா போலீஸ்ல கொடுப்போம், வீடியோ போடுவோம்"னு மெசேஜ் அனுப்பறது, தயவுசெஞ்சு வேண்டாம். அந்த மெசேஜை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மிரட்டிப் பணம் கேக்கறாங்கன்னு அவங்க முதல்ல ஸ்டேஷனுக்கு போவாங்க, அப்புறம் நீங்க உங்க கேஸை விட்டுட்டு அந்தக் கேஸுக்கு அலையணும்.

கடைசியா, நீங்க எழுதினதுல மனைவி என்ன நினைக்கறாங்கன்னு ஒரு வரி இல்ல. புகார்ல முதல் பேரு அவங்களோடது. எதிர்த்தரப்பு கேள்வித்தாள் அனுப்பும், தலைவலி என்னிக்கு ஆரம்பிச்சது, யார்கிட்ட சொன்னீங்க, ஏன் வரலன்னு, அதுக்கு அஃபிடவிட்ல பதில் சொல்லப்போறதும் அவங்கதான். வக்கீலை பாக்கப் போறப்ப அவங்களையும் கூட்டிட்டுப் போங்க, அவரு கேக்கற கேள்விக்கு அவங்களையே பேச விடுங்க.