கைத்துப்பாக்கிப் பயிற்சி: பணம் கட்டும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் பதக்கம் வாங்கியதைப் பார்த்ததிலிருந்து பிஸ்டல் சுடக் கற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஒரு மையத்தில் ஆரம்பநிலை வகுப்புக்கு மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்கிறார்கள். "முதல் நாளே சுடலாம், சொந்தமாக ஒரு பிஸ்டலும் வாங்கிவிடுங்கள்" என்கிறார்கள். கட்டிவிடலாமா?
- ஒரு தாய், காட்பாடி

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு மாலை போய், வகுப்பு நடக்கும்போது ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அதற்கே அனுமதிக்கவில்லை என்றால் வேறு இடம் தேடுங்கள்.

"முதல் நாளே சுடலாம்" என்பதுதான் எனக்கு இடிக்கிறது. நல்ல ஆரம்ப வகுப்பில் முதல் சில நாட்கள் பெல்லட்டுக்கே (ஏர் பிஸ்டலில், அதாவது காற்றழுத்தத்தில் சுடும் பிஸ்டலில் போடும் சிறு குண்டு) வேலை இருக்காது. எப்படி நிற்பது, கைப்பிடியை எப்படிப் பிடிப்பது, மூச்சை எங்கே நிறுத்துவது, விரலை எப்படிப் பின்னால் கொண்டுவருவது என்றே நேரம் போகும். கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடிக்க வேண்டிய விளையாட்டு இது. தோளும் மணிக்கட்டும் பழகாத பிள்ளையிடம் பெல்லட்டைக் கொடுத்தால் ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கத்தான் பழகுவான். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கணக்கு அப்படி. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் டார்கெட்டில் பத்து வளையத்தின் விட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர். பிஸ்டலின் மேல் குறிபார்க்க இருக்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே ஓர் அடிக்குச் சற்று மேல் இடைவெளி. ட்ரிகரை இழுக்கும் நொடியில் முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், டார்கெட்டில் அது ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டராகிவிடும். நடுவில் பட வேண்டியது கறுப்பு வட்டத்தின் விளிம்புக்குப் போய்விடும். கை லேசாக ஆடுவது எல்லோருக்கும் உண்டு, அதனால் பெரிய சேதம் இல்லை. சைட் கோணுவதுதான் கெடுக்கிறது. அதனால்தான் கண் முன் சைட்டின் முனையில் நிற்க வேண்டும், டார்கெட் மங்கலாகத் தெரிந்தால் போதும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். பையனுக்குப் பார்வையில் குறை இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், வகுப்புக்கு முன்பே கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் கோச்சின் கண் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். டார்கெட்டைப் பார்த்து "எட்டு, ஒன்பது" என்று எண் சொல்லிக்கொண்டே இருப்பவர் ஸ்கோர் எழுதுபவர், கோச் இல்லை. நல்ல கோச் பிள்ளையின் பக்கவாட்டில் நின்று விரலையும் மணிக்கட்டையும் பார்ப்பார். சுட்ட பிறகும் கையை உடனே இறக்காமல் ஓரிரு நொடி அப்படியே வைக்கச் சொல்வார். வெள்ளைத் தாளைப் பார்த்து நிற்க வைத்து, பெல்லட் இல்லாமல் ட்ரிகரை மட்டும் இழுக்க வைப்பார். அந்த டிரை பயரிங் நடக்கிற வகுப்பென்றால் தைரியமாகச் சேருங்கள்.

பாதுகாப்பில் மட்டும் எந்தச் சலுகையும் காட்டாதீர்கள். சுடாத நேரத்தில் ஒவ்வொரு பிஸ்டலிலும் பளிச்சென்ற நிறத்தில் பாதுகாப்புக் கொடி (உள்ளே பெல்லட் இல்லை என்று காட்டும் இழை) செருகியிருக்க வேண்டும். குழல் எப்போதும் டார்கெட் பக்கமே இருக்க வேண்டும். யாராவது டார்கெட் மாற்ற முன்னால் போகும்போது ஒருவர் கையும் பிஸ்டலைத் தொடக்கூடாது. இதில் ஒன்று தவறினாலும் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம், பெல்லட் ஈயம். வகுப்பு முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பையன் எதையும் சாப்பிடக்கூடாது.

சொந்த பிஸ்டல் இப்போது வேண்டவே வேண்டாம். வெளிநாட்டுப் போட்டி ரகங்கள் லட்சத்துக்கு மேல் போகும். ஆறு மாதமாவது மையத்தின் பிஸ்டலில் பழகட்டும். கையின் அளவு தெரிந்த பிறகுதான் கைப்பிடியின் சைஸையே தேர்ந்தெடுக்க முடியும். நம் வேலூர் வெயிலில் மரக் கைப்பிடி வியர்வையில் வழுக்கும், அதற்குப் பழகுவதும் பாடத்தில் ஒன்றுதான். பின்னால் பழைய பிஸ்டல் வாங்கினால் காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியை முதலில் பாருங்கள். பத்து வருடம் தாண்டிய சிலிண்டரைப் போட்டிக்குக் கொண்டுபோக முடியாது. சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு அழுத்தத்தை அடைத்துவைக்கும் பொருள் அது, வீட்டில் வைத்திருப்பதும் ஆபத்து. குழல் துளை 4.5 மில்லிமீட்டர், பெல்லட் பாயும் சக்தி 20 ஜூலுக்குள் உள்ள ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 38 வயது, வியாபாரம் செய்கிறேன். வகுப்பில் சேர்ந்தால் துப்பாக்கி லைசென்ஸும் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: நம்பாதீர்கள். நம் மாவட்டத்தில் லைசென்ஸ் கொடுப்பவர் கலெக்டர், அதுவும் போலீஸ் விசாரணைக்குப் பிறகு. 2016 ஆயுத விதிகளின்படி விண்ணப்பதாரர் துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி முடித்த சான்று காட்ட வேண்டும். அந்தச் சான்று விண்ணப்பத்தோடு வைக்கும் ஒரு தாள், அவ்வளவுதான். லைசென்ஸுக்கென்று தனியாகப் பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கோச் பாதியிலேயே போய்விட்டார், இரண்டு வாரமாக வகுப்பே இல்லை. "கட்டிய பணம் திரும்பாது" என்று ரசீதில் அச்சடித்திருக்கிறதே?
- ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: அச்சடித்துவிட்டால் சட்டம் ஆகிவிடாது. நடத்தாத வகுப்புக்குப் பணத்தை வைத்துக்கொள்வது சேவைக் குறைபாடு. நடக்காத நாட்களைக் குறிப்பிட்டு, மீதிப் பணத்தைக் கேட்டு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் ஊருக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.